கிராசிங் லிஸ்டில் ஏறாத குழாய்

1. செவ்வாய்க்கிழமை

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். உத்தமபாளையத்தில் ஒரு லாட்ஜில் மூன்று வாரமாகத் தங்கியிருந்தேன். 5.40க்கு ஜிபிஎஸ் கருவியின் இரண்டு பேட்டரிகளையும் சார்ஜரிலிருந்து எடுத்து, எண் பார்த்துப் பையில் வைத்தேன். 6.15க்கு பஸ் ஸ்டாண்டு எதிரே நான்கு இட்லி, ஒரு வடை. 6.40க்கு ஜீப் கிளம்பியது. 7.10க்கு, தேவாரம் போகும் வழியில் உள்ள ஒரு கிராமத்தில் இறங்கினோம். அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

நான் லைசென்ஸ் பெற்ற சர்வேயர். வயது ஐம்பத்து மூன்று. குழாய்ப் பாதை சர்வேயில் மட்டும் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தினமும் டைரி எழுதுவேன். கீழே உள்ளது அந்த மார்ச் மாத டைரியை வைத்து எழுதியது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் படித்தால் உபயோகம் இருக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கு வழியாக எரிவாயுக் குழாய் ஒன்று கொண்டுவருவதாகத் திட்டம். அப்போது ஆய்வு நிலையில்தான் இருந்தது. வரைபடத்தில் போட்ட கோட்டைத் தரையில் நடந்து பார்த்து, நூறு மீட்டருக்கு ஒரு முளை அடிப்பது என் வேலை. இன்னொரு வேலை கிராசிங் லிஸ்ட். நம் கோட்டை எது எது குறுக்கே கடக்கிறது, எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று எழுதும் பட்டியல் அது. ரோடு, வாய்க்கால், கரண்டு கேபிள், தண்ணீர்க் குழாய் எல்லாம் அதில் வரும்.

பார்க்கச் சாதாரணப் பட்டியல். ஆனால் விவசாயிக்கு இருக்கும் பாதுகாப்பில் பாதி அதில்தான் இருக்கிறது. லிஸ்டில் ஏறிய குழாயைக் காண்டிராக்டர் காப்பாற்ற வேண்டும். உடையவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி, வெட்டினால் ஒரு பகலுக்குள் இணைத்து, தண்ணீர் ஓடுவதைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். லிஸ்டில் ஏறாத குழாய் உடைந்தால் அது ‘எதிர்பாராத தடை’. அதற்குத் தனிக் கடிதம், தனி அளவு, தனி ஒப்புதல். நான் பார்த்த வேலைகளில், அந்தக் காகிதம் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் தோட்டத்தில் ஒரு பயிர் முடிந்துபோயிருக்கும்.

2. சமுதாயக் கூடத்தில்

காலை 10 மணிக்குக் கூட்டம். நாற்பது பேர் வரை வந்திருந்தார்கள். பிராஜெக்ட் இன்ஜினியர் ஜெயசீலன் மதுரையிலிருந்து வந்திருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். விஷயத்தை மறைக்காமல் பேசுவார்.

முதலில் பலன்களைச் சொன்னார். குழாய் போகும் நிலப்பட்டைக்கு, நிலம் உடையவருக்கு உபயோக உரிமைத் தொகை உண்டு. சேதமாகும் பயிருக்கு இழப்பீடு தனி. நிலம் அவர் பெயரிலேயே இருக்கும். வேலை நடக்கும் மாதங்களில் உள்ளூர் ஆட்களுக்குக் கூலி, காவல் வேலை. பிறகு பாதுகாப்பு: குழாயின் தலைக்கு மேல் 1.20 மீட்டர் மண் இருக்கும். மேல்மண்ணைத் தனியாக எடுத்துவைத்து, கடைசியில் மேலேயே போடுவார்கள். இடையிடையே வால்வு நிலையம். கோடு நெடுக அடையாளக் கல். கசிவு பார்க்க ஆள் நடப்பார். அதன்பின் கட்டுப்பாடு: அந்தப் பட்டையில் நெல், சோளம், காய்கறி போடலாம். மரம் வைக்கக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, ஷெட் போடக்கூடாது.

“தென்னை வைக்கக் கூடாதுன்னா பட்டா எதுக்கு? கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டவா?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“கேஸு எங்க வீட்டுக்கு வருமா சார்?” என்றது ஒரு பெண் குரல்.

“முதல்ல டவுனுக்கு வரும்மா. கிராமத்துக்கு எப்பன்னு என்னால இப்ப சொல்ல முடியாது.”

“அப்ப எங்க கொல்லையைத் தோண்டித் தேனிக்காரகளுக்கு இட்லி அவிக்கப் போறீக.”

சிரிப்பு அடங்கியதும் ஜெயசீலன் என் படிவத்தில் இருந்த கேள்வியைக் கேட்டார். “கோடு போற இடத்துல பூமிக்கடியில ஏதாவது இருக்கா? போர், பைப், கேபிள்? இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர், “எங்க தாத்தா இருக்காரு சார். அவரைத் தொந்தரவு பண்ணிராதீக” என்றார். கூடமே சிரித்தது. ஜெயசீலனும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

பின்வரிசையில் சுவரோரம் நின்ற ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்தேன். பார்த்தும் எழுதினேன். தப்பு என்னுடையது.

டீ வந்தது. தீர்மானத்தில் நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

3. பச்சைக் கோடு

பிற்பகல் 2.20க்கு 37ஆம் முளையிலிருந்து நடக்கத் தொடங்கினேன். 41க்கும் 42க்கும் இடையில் ஒரு தரிசு. சோளம் அறுத்த தாள் காய்ந்து கிடந்தது. மார்ச் மாத வெயிலில் வரப்புவரை ஒரு பச்சை இலை இல்லை. ஆனால் அந்தத் தரிசின் நடுவே ஒரு சாண் அகலத்துக்குப் புல் பச்சையாக இருந்தது. நீளம் பதினொரு மீட்டர். எங்கள் கோட்டுக்குக் குறுக்கே, கிழக்கு மேற்காக, நூல் பிடித்தது போல நேராகப் போனது.

கிழக்கே நான்கு கிலோமீட்டரில் முல்லையாறு. மேற்கே மேட்டில் ஒரு வாழைத் தோட்டம். நான் எப்போதும் கையில் வைத்திருக்கும் நாலடி இரும்புக் கம்பியை எடுத்துப் புல்லின் நடுவில் மெதுவாக இறக்கினேன். மூன்றடிக்குக் கொஞ்சம் அதிகமாக இறங்கியதும் எதிலோ தட்டியது.

“அங்கன குத்தாதீக!”

காலையில் சுவரோரம் நின்ற பெண். மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி வரப்பில் வேகமாக வந்தார். பெயர் முருகேஸ்வரி என்று பிறகு சொன்னார். நாற்பது வயது இருக்கும்.

“என்னம்மா இது?” என்றேன்.

“புல்லு.”

“நேர்கோட்டுல முளைச்சிருக்கே.”

“எங்க ஊருப் புல்லு ஒழுக்கமான புல்லு சார்.”

கம்பியை உருவினேன். நுனியில் ஈரமண் ஒட்டியிருந்தது. அதை அவரிடம் நீட்டினேன். பார்த்தார். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

அவர் சொன்னது இது. ஆற்றோரம் ஐந்து சென்ட் நிலம் வாங்கி, அதில் ஏழு குடும்பங்கள் பங்கு போட்டுக் கிணறு தோண்டின. அங்கிருந்து நாலு இஞ்ச் பிவிசி குழாய் இந்த மேட்டுக்கு வருகிறது. கரண்டு வரும் நேரத்தைப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். முறை பிசகாது. ஆனால் கிணற்று மோட்டாருக்கு வாங்கிய இணைப்பு, காகிதப்படி, அந்த ஐந்து சென்டுக்குத்தான். நான்கு கிலோமீட்டர் தள்ளித் தண்ணீர் கொண்டுபோவது அதில் இல்லை. மின்வாரியச் சோதனை வருகிறது என்று அடிக்கடி பேச்சு கிளம்பும். அதனால் பங்காளிகளுக்குள் ஒரு கட்டுப்பாடு: வெளியாட்களிடம் குழாயைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. இந்தப் பக்கம் இப்படி எத்தனையோ குழாய்கள் ஓடுகின்றன. எந்த நில அளவைப் படத்திலும் ஒன்றுகூட இல்லை.

ஏழில் ஆறு தோட்டங்கள் எங்கள் கோட்டுக்குக் கிழக்கே, ஆற்றுப் பக்கம். ஏழாவதான முருகேஸ்வரியின் தோட்டம் மட்டும் கோட்டைத் தாண்டி மேற்கே. பள்ளம் தோண்டும்போது குழாய் அறுந்தால், மற்ற ஆறு பேரும் ஒரு மூடியைப் போட்டு அடைத்துவிட்டு வழக்கம்போலப் பாய்ச்சுவார்கள். இவருக்கு மட்டும் தண்ணீர் நிற்கும். இரண்டு ஏக்கரில் ஜி-9 ரக வாழை. தார் தள்ளும் சமயம் நெருங்கிக்கொண்டிருந்தது. கணவர் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. தோட்டம் முழுக்க இவர் பொறுப்பு.

இன்னொன்றையும் நான் கவனித்தேன். எங்கள் கோடு இவர் நிலத்தைத் தொடவே இல்லை. ஆகவே நில உடைமையாளர் பட்டியலில் இவர் பெயர் கிடையாது. நோட்டீஸ் கிடையாது, தொகை கிடையாது. திட்டத்தின் பலன் பட்டைக்குள் இருக்கிறவர்களுக்கு. நஷ்டம் பட்டைக்கு வெளியே இருக்கிற ஒருவருக்கு.

“காலையில ஏம்மா சொல்லலை?”

“சொன்னா பங்காளிக தண்ணிய நிப்பாட்டிருவாக. சொல்லலைன்னா கம்பெனிக்காரக நிப்பாட்டிருவாக. எது தேவலைன்னு யோசிச்சுக்கிட்டே நின்னேன். அதுக்குள்ள டீ குடுத்துட்டாக.”

4. தங்கமாயன்

அந்தத் தரிசு தங்கமாயன் என்பவருடையது. அறுபது வயது. தண்ணீர் முறையைப் பிரித்துவிடுவதும் அவர்தான். மாலை 4.30க்கு நானும் முருகேஸ்வரியும் அவரை அவர் தோட்டத்து வால்வுக் குழி அருகில் பார்த்தோம்.

“குழாயா? எங்கன?” என்றார்.

“உங்க சோளக்கொல்லையில.”

“எலி வளையா இருக்கும் சார்.”

“எலி பிவிசி போடுமாய்யா?”

“இந்தக் காலத்து எலி என்னத்தையும் போடும்” என்று சிரித்தவர், என் பின்னால் நின்ற முருகேஸ்வரியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “ஏத்தா, நீயா காட்டுன?”

“நான் காட்டலை பெரியப்பா. உங்க கொல்லைப் புல்லு காட்டிருச்சு. ஜாயிண்டு ஒழுகுதுன்னு தை மாசத்துல இருந்து சொல்றேன், கேட்டீகளா?”

அவர் என்னிடம் திரும்பினார். “சர்வேயர் சார், இது ஏழு குடும்பத்துப் பொழப்பு. ஒரு ஆளுக்காக ஏழு பேரையும் பேப்பர்ல ஏத்தச் சொல்றீகளா?”

நான் பதில் சொல்வதற்குள் முருகேஸ்வரி பேசினார். “அந்த ஒரு ஆளும் பங்கு குடுத்தவதான். கெணறு தோண்டையில நானும்தான் மண்ணு செமந்தேன். ரெண்டு குழாயும் உங்க கொல்லை வழியாத்தான் போகுது. கம்பெனிக் குழாய்க்கு உங்களுக்குத் தொகை வருது. நம்ம குழாய்க்கு எனக்கு வாய்ப்பூட்டு. நல்லா இருக்கு நியாயம்.”

தங்கமாயன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை. “ஆத்தா, உன் வாழை காயணும்னு நான் நினைப்பேனா? சோதனைன்னு வந்து மோட்டாரைக் கழட்டுனா உன் வாழையும் சேந்துதான் காயும்” என்றார்.

அதுவும் சரியான பேச்சுதான். நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். ஜேசிபி பள்ளம் தோண்டும்போது, எந்த முறைக்காரர் தோட்டத்துக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. ஓடும்போது அறுந்தால் பள்ளம் நிறையத் தண்ணீர் நிற்கும். வேலை நிற்கும். காண்டிராக்டரின் ஆள் போட்டோ எடுப்பார். வேலை நின்ற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காரணம் எழுத வேண்டும். அதில், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். லிஸ்டில் இருந்தால் இந்த எதுவும் கிடையாது. இந்தத் தேதியில் மோட்டாரை நிறுத்திவையுங்கள் என்று முன்னாலேயே தகவல் வரும், அன்றைக்கே இணைத்துக் கொடுப்பார்கள்.

“உங்க லிஸ்ட்ல தண்ணி எங்கன இருந்து வருதுன்னு கேப்பாகளா?” என்றார்.

“எங்க படிவத்துல அந்தக் கேள்வி இல்ல. இடம், அளவு, ஆழம், உடையவர் பேர், கையெழுத்து. அவ்வளவுதான். ஆனா வேற யாரும் என்னைக்கும் கேக்கமாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாது.”

“கேக்கமாட்டாகன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன சார்?”

“எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்றது?”

குனிந்து வால்வின் மேலிருந்த மண்ணைக் கையால் துடைத்தார். “கையெழுத்து யாரு போடணும்?”

“கூட்டுக் குழாய்னா கூட்டாளிகள் எல்லாரும். ஏழு பேர் போட்டா ஏழு பேருக்கும் தகவல் வரும். ஒருத்தர் போட்டா ஒருத்தருக்கு.”

“நான் ஒருத்தன் முடிவு பண்ற காரியம் இல்ல. மத்தவகளக் கேக்கணும். நாளைக்குக் காலையில வாங்க. கொல்லையில ஆளு நின்னா குழாய் இருக்கு. நிக்கலைன்னா எலி வளைதான்.”

“ஆளு நிக்கலைன்னாலும் நான் நிப்பேன்” என்றார் முருகேஸ்வரி. “என் பேரை எழுதிக்கோங்க சார். தண்ணிய நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும். நிப்பாட்டுனது யாருன்னாச்சும் எனக்குத் தெரிஞ்சிரும்.”

தங்கமாயன் வால்வுக் குழியை மூடிவிட்டு ஊருக்குள் நடந்தார்.

5. போனில்

மாலை 6.15க்கு ஜெயசீலனைப் போனில் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“வேலுச்சாமி சார், இல்லைன்னு அவங்களே சொன்னாங்க. தீர்மானத்துல நாப்பது கையெழுத்து இருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு லிஸ்ட் போகணும். நீங்க ஏன் சார் தோண்டுறீங்க?”

“தோண்டலை சார். கம்பி இறக்கினேன். நுனியில ஈரம் இருந்துச்சு.”

“ஈரத்துக்கு யார் சார் கையெழுத்துப் போடுவா?”

“காலையில தெரியும்.”

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: “ஒன்பதரை வரைக்கும் பார்க்கிறேன். இருந்தா முழுசா எழுதுங்க, ஆழத்தோட. அரைகுறையா எழுதினா இல்லாததைவிட மோசம்.” அவர் சொன்னது சரி. ‘குழாய் இருக்கலாம்’ என்று எழுதுகிற சர்வேயர் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்கிறார். அதை வைத்துக்கொண்டு பள்ளம் தோண்டுகிறவருக்கு ஒன்றும் புரியாது.

அன்றைய டைரியில் கீழே உள்ளதை எழுதினேன். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவுதான். கூட்டத்தில் கிடைக்கும் ‘இல்லை’யை லிஸ்டில் ஏற்றாதீர்கள். கோட்டைக் கோடைகாலத்தில் ஒருமுறை கட்டாயம் நடந்து பாருங்கள். பட்டைக்கு உள்ளே இருக்கிறவர்களைக் கேட்பதோடு நிறுத்தாமல், பட்டைக்கு இரண்டு பக்கமும் தோட்டம் வைத்திருப்பவர்களையும் கேளுங்கள். ‘பூமிக்கடியில் என்ன இருக்கிறது’ என்று கேட்டால் பயப்படுவார்கள். ‘இங்கே ஒரு வாரம் பள்ளம் திறந்து கிடந்தால் உங்களுக்கு எது நிற்கும்’ என்று கேளுங்கள். பதில் வரும். பதில் சொல்கிறவருக்கு, உங்களால் கொடுக்க முடியாத வாக்கு எதையும் கொடுக்காதீர்கள்.

6. புதன்கிழமை காலை

மார்ச் 15. 5.10க்கு எழுந்தேன். இட்லிக் கடைக்குப் போகவில்லை. 6.05க்கு 41ஆம் முளையில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன்.

தரிசில் ஆள் நின்றது. பச்சைப் புல் இருந்த இடத்தில் ஒரு குழி திறந்திருந்தது. தங்கமாயன் குழிக்குள் நின்று மண்ணை வழித்துக்கொண்டிருந்தார். மேலே ஐந்து பேர். முருகேஸ்வரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு குழி விளிம்பில் நின்றார். தலைமுடியெல்லாம் மண். எல்லோருக்கும் முன்பே வந்து தோண்டத் தொடங்கியிருக்கிறார்.

“ஆளுக நிக்கிறோம் சார், எழுதுங்க” என்றார் தங்கமாயன். பிறகு கையை வடக்கே காட்டினார். 38ஆம் முளைக்குப் பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தெற்கே 44க்கு அருகிலும் ஒரு கூட்டம். நான் அந்த இரண்டு இடத்தையும் முந்தின நாள் நடந்து கடந்தவன். எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை.

“அது அவுக குழாய். பேச்சு ஊருக்குள்ள பரவிருச்சு. அவுகளும் எழுதணுங்கிறாக.”

“அங்கிட்டு அப்புறம் வர்றேன். முதல்ல இது” என்றேன்.

டேப்பை எடுத்தேன். நுனியை முருகேஸ்வரி குழாயின் தலையில் வைத்துப் பிடித்தார். தரையிலிருந்து குழாயின் தலைக்கு 0.95 மீட்டர். குழாயின் வெளி விட்டம் 110 மில்லிமீட்டர். அடிப்பாகம் 1.06. அதற்குக் கீழே அரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது விதி. கூட்டிப் பார்த்து, எரிவாயுக் குழாயின் மேல் விளிம்பு அந்த இடத்தில் 1.56 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினேன்.

முருகேஸ்வரி கணக்கைக் கேட்டுவிட்டுக் குழியை எட்டிப் பார்த்தார். “அப்ப அவுக குழாய்தான் நம்ம குழாய்க்கு அடியில குனிஞ்சு போகணுமா?”

“ஆமா.”

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். முதல் கையெழுத்து அவருடையது. ஆறு பேரும் வரிசையாக அதற்குக் கீழே போட்டார்கள்.